உப்பு பார்க்காத தக்காளி சாதம்

சாப்பாட்டில் மயக்க மருந்து கலக்கிறார்கள் என்று நான் நம்பினேன். யாரோ ஒருவர் அல்ல, மணலூர்பேட்டை தொடங்கி கள்ளக்குறிச்சி வரைக்கும் எனக்குச் சோறு போட்ட எல்லாருமே ஒரே கும்பல் என்று நம்பினேன். கும்பலின் தலைவன், பதினைந்து வருடமாக என் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் பாஸ்கர். அவனுக்கு ஸ்டேப்ளரில் ஊசி போடக்கூடத் தெரியாது. ஆனாலும் நம்பினேன்.

எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. உடம்பில் சர்க்கரை இருக்கிறது, தொப்பை இருக்கிறது. அம்பத்தூரிலிருந்து கல்வராயன் மலைக்குச் சைக்கிளிலேயே போகப்போகிறேன் என்று ஒருநாள் அலுவலகத்தில் வாய்விட்டேன். சும்மா சொன்னதுதான். அவர்கள் கேக் வாங்கி வெட்டிவிட்டார்கள். கேக்கைத் தின்ற பிறகு எப்படிப் போகாமல் இருப்பது?

வழியில் தங்க, சாப்பிட பாஸ்கர் நாலு வீடுகளின் போன் நம்பரை அனுப்பினான். "எங்க ஆளுங்கதான். தாராளமா போ. நான் சொல்லிட்டேன்" என்றான். பாஸ்கர் பஹாய் மதத்தைச் சேர்ந்தவன். பஹாய் என்றால் என்ன என்று அத்தனை வருடத்தில் நான் கேட்டதில்லை. டெல்லியில் தாமரைப்பூ மாதிரி ஒரு கோயில் கட்டியிருக்கிறார்கள் என்பது தெரியும். அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்திருக்கிறேன். என் அறிவு அந்தப் போட்டோவோடு சரி.

கிளம்பும்போது என் மனைவி கலா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "காலைல மாத்திரை போட்டா மதியம் சாப்பிட்டே ஆகணும். சாப்பிடலன்னா கை நடுங்கும், அப்படியே விழுந்துடுவீங்க. உங்களத் தூக்க நாலு பேர் வேணும். ரோட்டுல நாலு பேர் எங்க கிடைப்பாங்க?"

மார்ச் மாத வெயில். கிளம்பிய நாலாம் நாள் மணலூர்பேட்டைக்கு வந்தபோது உச்சிவேளை. பெண்ணையாற்றில் தண்ணீர் ஒரு ஓரமாக, யாரோ கொட்டிவிட்டுப் போனதுபோல் கிடந்தது. மீதியெல்லாம் மணல். சைக்கிள் சீட்டைக் கண்டுபிடித்தவன் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை உண்டாகியிருந்தது. முதல் வீடு சாந்தி டீச்சர் வீடு. வாசலிலேயே நின்றிருந்தார், அவர் கணவர் பக்கத்தில் சொம்புத் தண்ணீரோடு.

இலை போட்டார்கள். சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், அப்பளம், மோர். ஒரே ஒரு இலை. "நீங்க?" என்றேன்.

"நீங்க சாப்புடுங்க சார். நாங்க அப்பறமா சாப்டுக்கிறோம்."

நான் சாப்பிட்டு முடிக்கும்வரை இரண்டு பேரும் எதிரில் உட்கார்ந்து பயணத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாம்பாரில் உப்பு தூக்கலாக இருந்தது. டீச்சர் பேசிப் பேசி உதடு காய்ந்து நாவால் தடவிக்கொண்டார். பக்கத்திலேயே சொம்பு இருந்தது. தொடவில்லை. இந்தப் பக்கத்தில் ஒருவர் நம்மோடு உட்கார்ந்து சாப்பிடாவிட்டால் முதலில் தோன்றுவது சாதிதான். நாம் எந்தத் தெரு, அவர்கள் எந்தத் தெரு என்று மனது தானாகக் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். வெட்கமாக இருந்தது, ஆனால் போட்டேன். விடை வரவில்லை. அப்புறம் பாயில் சாய்ந்தேன். எழுந்தபோது மாலை.

தூங்கியது சாதாரண விஷயம். விடியற்காலையிலிருந்து மிதித்தவன் வயிறு முட்டத் தின்றால் தூங்காமல் பரதநாட்டியமா ஆடுவான்? ஆனால் அன்று இரவு தியாகதுருகத்து லாட்ஜில் கொசுவோடு படுத்திருந்தபோது போனில் ஒரு செய்தி வந்தது. ரயிலில் யாரோ யாருக்கோ பிஸ்கட் கொடுத்து, தின்றவர் மயங்கி, நகை போய்விட்டது. அவ்வளவுதான். டீச்சர் ஏன் சாப்பிடவில்லை? நான் ஏன் அப்படித் தூங்கினேன்? சாம்பாரில் ஏன் அவ்வளவு உப்பு? மருந்தின் கசப்பை மறைக்கத்தான் உப்பை அள்ளிப் போட்டிருப்பார்கள்! பாஸ்கருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. சரிதான், எப்படி எடுப்பான்?

என்னிடம் நகை இல்லை. அப்போதுதான் கிட்னி ஞாபகம் வந்தது.

மறுநாள் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு இரண்டாவது வீட்டுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் லாட்ஜ் வாசலுக்கே ஆள் வந்துவிட்டார். மளிகைக் கடை ராஜேந்திரன். கோட்டை இருக்கிற குன்றுக்குக் கீழே கடை, கடைக்குப் பின்னால் வீடு. நல்ல ஜோக்கடிக்கிற மனிதர்.

"இன்னா சார், மெட்ராஸ்லேந்து சைக்கிள்லயேவா வந்தீங்க? பஸ்ஸு ஓடலயா அங்க?"

"உடம்பு இளைக்க வந்தேன்."

"இன்னும் ஆரம்பிக்கல போலக்கீதே" என்று என் வயிற்றைப் பார்த்தார்.

இட்லியும் சட்னியும் வந்தது. அதே கதை. எனக்கு மட்டும் தட்டு. எதிர் டீக்கடையிலிருந்து டீ சொன்னார், ஒரே ஒரு டீ. அவர் வீட்டு அம்மா அடுப்படியில், அவர் என் எதிரில், யார் வாயிலும் ஒரு பருக்கை இல்லை. "நாங்க அப்பறம் சாப்டுக்கிறோம்" என்றார். டீச்சர் சொன்ன அதே சொற்கள்! மனப்பாடம் பண்ணிக்கொடுத்த மாதிரி. சட்னியில் இன்று உப்பே இல்லை. நேற்று அதிகம், இன்று கம்மி. அளவை மாற்றிப் பார்க்கிறார்கள்.

இரண்டு இட்லி உள்ளே போய்விட்டிருந்தது. மீதியை அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து, வாசலில் நின்ற செவலை நாய்க்குப் போட்டேன். விஞ்ஞானப் பரிசோதனை. நாய் தின்றது. வாலை ஆட்டியது. ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு நிழலில் போய்ப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டது.

மார்ச் மாதத்தில் வயிறு நிறைந்த நாய் வேறென்ன செய்யும் என்று இப்போது கேட்கிறேன். அப்போது கேட்கவில்லை. ராஜேந்திரனிடம் விடைபெற்ற வேகத்தில் சைக்கிளில் ஏறினேன். கள்ளக்குறிச்சிவரைக்கும், இதோ விழப்போகிறேன், இதோ விழப்போகிறேன் என்று காத்துக்கொண்டே மிதித்தேன். கொட்டாவி மட்டும் வந்தது.

மூன்றாவது வீட்டைத் தவிர்த்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஊர் எல்லையிலேயே டிவிஎஸ் வண்டியை நிறுத்திக்கொண்டு ஏழுமலை நின்றிருந்தார். டெய்லர். மெலிந்த ஆள், கழுத்தில் இஞ்சு டேப். "ராஜேந்திரன் போன் பண்ணாரு. கெளம்பிட்டாருன்னு சொன்னாரு" என்றார். ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு என்னைத் தந்துகொண்டே வருகிறார்கள். எனக்கு முதுகில் வெயிலையும் மீறிக் குளிர்ந்தது.

அவர் வீடு ஊருக்கு வெளியே, ஊர்த்தெரு முடிந்து ஒரு கரும்புக் கொல்லையையும் தாண்டி, காலனியில். ஒரே அறை. அதில் பாதி தையல் மெஷின். சுவரில் வெள்ளைத் தாடியோடு ஒரு பெரியவர் படம். இதே படம் முதல் இரண்டு வீட்டிலும் இருந்தது. கும்பலின் சர்வதேசத் தொடர்பு. ஏழுமலையின் மனைவி செல்வி தக்காளி சாதம் செய்திருந்தார். வாசனை என் குடலைப் பிடித்து இழுத்தது. ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு.

"எனக்கு வயிறு சரியில்ல" என்றேன்.

செல்வி கையில் கரண்டியோடு அப்படியே நின்றார். ஏழுமலை அவரைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "கொஞ்சமா சாப்புடுங்க சார்" என்றார். "வேணாங்க." "மோராவது?" "வேணாங்க." தண்ணீரும் வேண்டாம் என்றேன். என் பாட்டிலில் இருக்கிறது என்று ஆட்டிக் காட்டினேன். அது காலி. சத்தமே வரவில்லை.

செல்வியின் முகத்தை நான் பார்த்தேன். திட்டம் கெட்டுப்போன முகம் என்று நினைத்தேன்.

கை கழுவும் சாக்கில் பின்பக்கம் போய்விட்டுத் திரும்பினால், என் பையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்துக்கொண்டிருக்கிறார் ஏழுமலை. ஜட்டி, பனியன், துண்டு. "வாரு பிஞ்சிக்கீது சார், ரெண்டு தையல் போட்டுக் குடுத்துடறேன்" என்று மெஷினில் வைத்து ஓட்டினார். ஓட்டி முடித்து அவர் நூலை அறுக்குமுன் பையைப் பிடுங்கினேன். கைக்குக் கிடைத்ததை அடைத்தேன். "வெயிலுக்கு முன்ன மலை ஏறணும்" என்றேன். வெயில் உச்சியில் இருந்தது.

"அதுல இன்னும்..." என்று செல்வி பின்னாலிருந்து ஏதோ சொன்னது காதில் விழுந்தது. நான் நிற்கவில்லை.

கச்சிராயபாளையம் வந்ததும் பரோட்டாக் கடை ஒன்றில் நுழைந்து உட்கார்ந்தேன். நாலு பரோட்டா சொன்னேன். கடைக்காரர் கல்லில் போட்டு அடித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. 'ஏழுமலை டெய்லர்'. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. போனை அணைத்தேன். தலையைத் தூக்கினால் எதிர்ப்பக்கம் டிவிஎஸ் வண்டி. ஏழுமலை ஒரு பூக்காரம்மாவிடம் கையை அகலமாக வைத்து யாரையோ விசாரித்துக்கொண்டிருந்தார். கையின் அகலத்திலிருந்து அது நான்தான் என்று தெரிந்தது.

பரோட்டாவை விட்டுவிட்டுப் பின்வழியாக வெளியேறினேன். என் வாழ்க்கையில் பரோட்டாவை விட்டு எழுந்தது அதுதான் முதல் முறை.

மலைப்பாதையில் முதல் வளைவுவரை மிதித்தேன். அதற்குப் பிறகு தள்ளினேன். மரங்கள் இலை கொட்டி நின்றன. கீழே பச்சைச் சதுரங்களாகக் கரும்பும் மரவள்ளியும் தெரிந்தன. அழகு என்று தோன்ற வேண்டிய இடம். எனக்கு என் முழங்கால் மட்டும்தான் தெரிந்தது. ஆட்களை அடைத்துக்கொண்டு ஒரு ஜீப் மேலே போயிற்று. பின்னால் தொங்கிக்கொண்டு வந்த ஒருவர் கத்தினார்.

"இன்னா சார், சைக்கிளு உங்கள ஏத்தினு போவுதா, நீங்க அத்த ஏத்தினு போறீங்களா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. நாக்கு தடித்திருந்தது. வியர்வை சட்டென்று குளிர்ந்தது. ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த கை தானாக ஆடியது. இதுதான் கலா சொன்ன நடுக்கம். பைக்குள் கையை விட்டு மருந்துப் பையைத் தேடினேன். மாத்திரையும், கலா வைத்துக்கொடுத்த வெல்லக்கட்டியும் அதில்தான். இல்லை. பை முழுக்கத் தடவினேன். ஜட்டிதான் வந்தது. வளைவுச் சுவரில் சாய்ந்து, சைக்கிளோடு சேர்ந்து சரிந்து உட்கார்ந்தேன். நாலு பேர் வேண்டும் என்று கலா சொன்னது நினைவுக்கு வந்தது. ரோட்டில் ஒரு குரங்கு மட்டும் இருந்தது.

டிவிஎஸ் சத்தம் கேட்டது. எழுந்து ஓட நினைத்தேன். நினைத்ததோடு சரி.

ஏழுமலை வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். ஒரு கையில் என் மருந்துப் பை, மற்றொரு கையில் டிபன் டப்பா.

"இன்னா சார் இப்டி பண்ணிட்டீங்க? இத்த வூட்லயே வுட்டுட்டு வந்துட்டீங்க. சக்கர மாத்திரனு செல்விதான் பாத்துச் சொன்னா, அவங்கம்மாவுக்கும் இதேதான். ஒண்ணும் சாப்புடாத போய்க்கினு இருக்காரு, எங்கயாச்சும் வுழுந்துடப் போறாருன்னு இத்தயும் கட்டிக் குடுத்தா. மொதல்ல வெல்லத்த வாய்ல போடுங்க."

வெல்லக்கட்டியை நீட்டினார். என் வெல்லக்கட்டிதான். ஆனால் இவ்வளவு நேரம் அவர் கையில் இருந்த வெல்லக்கட்டி. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். டப்பாவைத் திறந்து சாதத்தை நீட்டினார். தலையை ஆட்டினேன்.

"சாப்புடுங்க சார். ஒடம்பு ஆடுது பாருங்க."

"நீங்க முதல்ல சாப்பிடுங்க" என்றேன். குழறிக் குழறித்தான் சொன்னேன். ஆனால் அவருக்குப் புரிந்துவிட்டது.

அவர் அப்படியே நின்றார். டப்பாவைப் பார்த்தார். தலையைத் தூக்கிச் சூரியனைப் பார்த்தார். அது மலைக்கு மேல் இன்னும் நன்றாக உயரத்தில் நின்றது. அவர் உதடுகள் வெடித்திருந்தன. பாருங்கள், தயங்குகிறான், மருந்து இருக்கிறது, மாட்டிக்கொண்டான் என்று எனக்குள் ஒரு துப்பறிவாளன் துள்ளினான். உட்கார முடியாதவனுக்கு வந்த துள்ளலைப் பாருங்கள்.

பிறகு ஏழுமலை என் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஒரு வாய் சாதத்தை எடுத்தார். கண்ணை மூடி, போட்டு, மென்று, விழுங்கினார்.

"இப்ப சாப்புடுவீங்களா?"

சாப்பிட்டேன். முதலில் வெல்லம், பிறகு சாதம். அவர்தான் ஊட்டினார், என் கை வாயைக் கண்டுபிடிக்கவில்லை. சாதத்தில் உப்பே இல்லை. அமிர்தம் என்று எழுதத்தான் ஆசை. உப்பு இல்லாத தக்காளி சாதம் அமிர்தமாக இருக்காது. ஆனால் ஒரு பருக்கை விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. குரங்கு இன்னும் உட்கார்ந்திருந்தது. ஏழுமலை தன் கையைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"எங்க வூட்ல சாப்புட மாட்டீங்கன்னு நெனச்சிட்டேன் சார். காலனி வூடுன்னு பாத்துட்டு நெறைய பேரு வயித்ததான் காட்டுவாங்க. தண்ணி குடுத்தா, வேணாம், பாட்டில்ல இருக்குதும்பாங்க. பாஸ்கர் சாரு அனுப்புன ஆளே இப்டினு செல்விக்குத்தான் மனசு ரொம்ப ஆறல. ஒரே டப்பால நீங்க மொதல்ல சாப்டுங்கன்னு சொன்னீங்க பாருங்க, அப்பதான் எனக்கு செரியாச்சி."

நல்ல பெயரோடு எழுந்து போய்விட்டிருக்கலாம். வாய் கேட்கவில்லை. "அதில்லைங்க. மயக்க மருந்துன்னு நினைச்சேன்" என்றேன்.

"எது?"

"சாதத்துல. கிட்னி எடுத்துடுவீங்கன்னு."

ஏழுமலை என்னைப் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு வளைவுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. குரங்கு எழுந்து போய்விட்டது.

"உங்க கிட்னிய வச்சிக்கினு நான் இன்னா சார் பண்றது? அதுல சக்கரதான இருக்குது!"

கீழிருந்து வந்த வெள்ளிமலை பஸ்ஸைக் கையைக் காட்டி நிறுத்தி, சைக்கிளைத் தூக்கி மேலே கட்டி, என்னை உள்ளே ஏற்றினார். பஸ்ஸில் போனதை அலுவலகத்தில் நான் சொல்லவில்லை. ஜன்னலில் எட்டி, "தண்ணியாவது குடிங்க, இவ்வளவு சிரிச்சிருக்கீங்க" என்றேன். "அப்பறமா குடிச்சிக்கிறேன் சார்" என்றார்.

வெள்ளிமலையில் நாலாவது வீடு சின்னசாமி வீடு. மலைக்காரர், சாமை விதைக்கிறவர். போய்ச் சேர்ந்தபோது என்னிடம் எலும்பு மட்டும்தான் இருந்தது, அதுவும் தனித்தனியாக. கட்டிலில் உட்காரவைத்தார்கள். அவரும் அவர் மனைவியும் வாசலில் நின்று எதிர் மலையைப் பார்த்தார்கள். சூரியன் அதற்குப் பின்னால் இறங்கியது. சின்னசாமி சின்னதாக ஒரு பிரார்த்தனை சொன்னார். பிறகு இரண்டு பேரும் உள்ளே வந்து ஆளுக்கு ஒரு சொம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தார்கள். சாமைச் சோறும் கீரைக் குழம்பும் வந்தது. மூன்று தட்டு.

"நீங்க என்னோட சாப்பிடுறீங்க" என்றேன்.

"ஏன், சாப்புடக் கூடாதுங்களா?"

"இல்ல, வழியில யாரும் சாப்பிடலை."

"எப்டிங்க சாப்புடுவாங்க? எங்க பஹாய்ங்களுக்கு இப்ப நோன்பாச்சே" என்றார் சின்னசாமி. "பத்தொம்பது நாளு. பொழுது ஏறனதுலேந்து எறங்கறவரைக்கும் சோறு தண்ணி கெடையாது. பாஸ்கரு சொல்லலயா?"

"சொல்லலை. அவங்களும் சொல்லலையே."

"பாஸ்கரு சொல்லிருப்பாருன்னு இருந்திருப்பாங்க. அதுவும் இல்லாத, வந்தவங்ககிட்ட போயி நான் நோன்புன்னு சொன்னா அவங்க எப்டி சாப்புடுவாங்க? கை வராது. வழி நடக்கறவங்களுக்கும் ஒடம்பு முடியாதவங்களுக்கும் நோன்பு கெடையாதுங்க. நீங்க ரெண்டும்." சிரித்துக்கொண்டே குழம்பை ஊற்றினார். "கொழம்புல உப்பு பாத்து போட்டுக்கங்க. பொழுது எறங்கறதுக்கு முன்னயே வச்சது. வாய்ல வச்சிப் பாக்க முடியாது, கைக்கணக்குதான்."

என் கை தட்டிலேயே நின்றது. "நடுவுல ஒருத்தர் ஒரு வாய் சாப்பிட்டுட்டா?"

"அது அவருக்கும் ஆண்டவனுக்கும். அடுத்தவங்க கேக்கறதில்ல. ஏங்க?"

போனை உயிர்ப்பித்து ஏழுமலைக்கு அடித்தேன். செல்வி எடுத்தார். ஏழுமலை நல்லபடி வந்து சேர்ந்துவிட்டார், இப்போதுதான் தண்ணீர் குடித்தார், மெஷினில் உட்கார்ந்திருக்கிறார் என்றார். மன்னிப்பு என்று ஆரம்பித்தேன்.

"அத்த வுடுங்க சார். கிட்னி கதய சொன்னாரு. எனக்கு சிரிச்சி சிரிச்சி வயிறு வலி" என்றார் செல்வி. பிறகு குரலைத் தாழ்த்தினார். "சாதம் எப்டி இருந்துதுங்க? அவர கேட்டா நல்லா இருந்துதுன்றாரு. நெசமா சொல்லுங்க."

நடந்தது இதுதான். விடியுமுன் சாப்பிட்டிருந்த ஒரு டெய்லர், பட்டப்பகலில், நான் சாப்பிட வேண்டும் என்பதற்காகத் தன் நோன்பில் ஒரு வாய் சாதம் சாப்பிட்டார். அவர் மனைவி அதை ருசி பார்க்காமல் சமைத்திருந்தார். அதில் உப்பு இல்லை.